மீட்டரில் வோல்ட் காட்டுகிறது, பல்பு மட்டும் எரியவில்லை: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

பேட்டரி, சுவிட்ச், பல்பு, இரண்டு மூன்று ஒயர். என்னிடம் பழுது பார்க்க வருவதில் பாதிக்கு மேல் இவ்வளவு சின்ன சர்க்யூட்டுகள்தான். கொண்டுவருபவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றே: "பேட்டரியில் வோல்ட் சரியாக இருக்கிறது, ஒயரில் பீப் சத்தமும் வருகிறது, ஆனால் வேலை செய்யவில்லை." பீப் என்பது ஒயர் அறுந்திருக்கிறதா என்று மீட்டர் சொல்லும் சத்தம். அவர்கள் சோதித்த விதத்தில் தப்பில்லை. ஆனால் இரண்டு சோதனையுமே கரண்ட் ஓடாத நேரத்தில் செய்தவை. கரண்ட் ஓடாதபோது துருப்பிடித்த இணைப்பும் புது இணைப்பும் மீட்டருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், தீர்ந்துபோன செல்லும் நல்ல செல்லும்கூட கிட்டத்தட்ட ஒன்றுதான். வோல்ட் பார்க்கும்போது மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு, 9 வோல்ட் பேட்டரியில் வைத்தால் ஒரு மைக்ரோஆம்பியர்கூட வராது.

அதனால் கீழே வரும் பெரும்பாலான அறிகுறிகளுக்கு நான் செய்வது ஒரே வேலைதான். எல்லாவற்றையும் இணைத்து, சுவிட்சைப் போட்டு, சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பொருளின் இரண்டு முனைக்கும் நடுவில் வோல்ட் பார்ப்பேன். பல்புக்குப் போக வேண்டிய வோல்ட் வேறு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் பழுது.

## தொடங்கும் முன்

இது பேட்டரியிலும் 12 வோல்ட் வரையிலான அடாப்டரிலும் ஓடும் சர்க்யூட்டுகளுக்கு மட்டும். சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தில் இதில் எதையும் செய்து பார்க்க வேண்டாம், அதற்கு எலக்ட்ரீஷியன் வர வேண்டும். அடாப்டரின் உள்பக்கமும் அந்தக் கணக்கில்தான் சேரும். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

கையில் வேண்டியவை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு 10 ஓம் ரெசிஸ்டர், எரியும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பல்பு, ஒரு துண்டு உப்புத்தாள்.

முதலில் மீட்டரையே சோதித்துவிடுங்கள். புது ஏஏ செல்லில் 1.5 முதல் 1.6 வரை காட்ட வேண்டும். ஓம் நிலையில் இரண்டு ப்ரோப்பையும் (மீட்டரிலிருந்து வரும் சிவப்பு, கறுப்பு ஒயர்களின் நுனி) ஒன்றோடொன்று தொட்டால் 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டினால் சரி, அது ப்ரோப் ஒயரின் சொந்தத் தடை. எண் நிலையாக நிற்காமல் துள்ளினால் ப்ரோப் ஒயர் உள்ளே முறிந்திருக்கிறது, அதை மாற்றாமல் மேலே போகாதீர்கள். அப்புறம், சிவப்பு ப்ரோப் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போது அதை பேட்டரியின் இரண்டு முனையில் வைத்தால் அது ஷார்ட்தான், மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் அந்த நொடியே போகும். பியூஸ் இல்லாத 10 ஆம்பியர் துளையாக இருந்தால் ப்ரோப் நுனியிலேயே பொறி பறக்கும்.

## அறிகுறி 1: சுவிட்சைப் போட்டால் எதுவுமே நடக்கவில்லை

### பேட்டரியில் லோடோடு வோல்ட் இருக்கிறதா?

லோடு என்றால் பல்பு, மோட்டார் போல பேட்டரியிலிருந்து கரண்ட் இழுக்கும் பொருள். செல்லை வெளியே எடுத்து மீட்டர் வைத்துப் பார்த்தது கணக்கில் சேராது. செல்லின் இரண்டு முனையிலும் அந்த 10 ஓம் ரெசிஸ்டரை இரண்டு மூன்று வினாடி பிடித்துக்கொண்டு, அப்போதே வோல்ட் பாருங்கள். ஏறக்குறைய 150 மில்லிஆம்பியர் ஓடும். நல்ல ஆல்கலைன் செல் 1.4க்கு மேலேயே நிற்கும். தீர்ந்த செல், தனியாகப் பார்த்தபோது 1.35 காட்டியதுகூட, ரெசிஸ்டர் தொட்டதும் 1.1, 1.0, 0.9 என்று உங்கள் கண் முன்னாலேயே இறங்கும். இறங்கினால் அந்த செல்லை மாற்றுங்கள். நான்கு செல் தொகுப்பில் ஒன்றே ஒன்று இப்படி இருந்தாலும் நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி, தீர்ந்த செல்லை மற்றவை பின்பக்கமாகத் தள்ளி அது ஒழுக ஆரம்பித்துவிடும்.

### செல் நன்றாக இருக்கிறது, ஆனாலும் எரியவில்லை

எங்கோ பாதை விட்டுப்போயிருக்கிறது. பலர் இங்கே ஒவ்வொரு ஒயராகக் கழற்றி பீப் பார்க்கிறார்கள். கழற்றும்போது எது லூஸாக இருந்தது என்ற தடயமே போய்விடும், அதைச் செய்யாதீர்கள்.

கறுப்பு ப்ரோப்பை பேட்டரி மைனஸில் நிலையாகப் பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கிளிப் போட்டு மாட்டிவிடுங்கள். சுவிட்ச் ஆன். சிவப்பு ப்ரோப்பை பேட்டரி பிளஸில் தொடங்கி, ஒயரின் முதல் முனை, மறுமுனை, சுவிட்சின் உள்வரும் முனை, வெளிப்போகும் முனை, பல்பு ஹோல்டரின் ஒரு முனை, மறுமுனை என்று வழி நெடுக நகர்த்திக்கொண்டே வாருங்கள். முழு வோல்ட் காட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் திடீரென்று சுழியாகும். முழு வோல்ட் கடைசியாக இருந்த புள்ளிக்கும் சுழியான புள்ளிக்கும் நடுவில்தான் முறிவு.

- (நான்கு செல், 6 வோல்ட் என்று வைத்துக்கொண்டால்) சுவிட்சின் ஒரு பக்கம் 6, மறு பக்கம் 0: சுவிட்ச் உள்ளே தொடவில்லை.
- பல்பின் ஒரு முனையில் 6, மறுமுனையில் 0: பல்பு போய்விட்டது, அல்லது ஹோல்டரின் அடி நாக்கு பல்பைத் தொடவில்லை. அந்தப் பித்தளை நாக்கை லேசாக மேலே நெம்பிவிட்டு மறுபடி பாருங்கள், பத்தில் பல பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும். நெம்பும் முன் செல்லைக் கழற்றிவிடுங்கள்.
- பல்பின் இரண்டு முனையிலும் 6: பல்பு வரை எல்லாம் சரி, மைனஸுக்குத் திரும்பும் ஒயரில்தான் முறிவு. திரும்பும் ஒயரை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதால் இது வெகுநேரம் எடுத்துக்கொள்ளும் பழுது.

ஒவ்வொரு பொருளின் குறுக்கே வைத்துப் பார்ப்பதைவிட இந்த நகர்த்தும் முறையை இங்கே நான் விரும்பக் காரணம் உண்டு. முறிவு இரண்டு இடத்தில் இருந்தால் குறுக்கே பார்க்கும்போது இரண்டு இடத்திலும் மீட்டர் சுழி காட்டி ஏமாற்றிவிடும். நகர்த்தினால் முதல் முறிவு பிடிபடும், அதைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தால் அடுத்தது.

## அறிகுறி 2: எரிகிறது, ஆனால் மங்கலாக, மோட்டார் சுற்றுகிறது, ஆனால் சோர்வாக

எனக்கு அதிகம் வருவது இதுதான், அதிகம் பேர் வீணாக பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பதும் இதில்தான்.

ஒரு மாணவன் கொண்டுவந்த சர்க்யூட்டை எடுத்துக்கொள்கிறேன். நான்கு ஏஏ செல், ஒரு சுவிட்ச், 6 வோல்ட் பல்பு, முதலைக் கிளிப் போட்ட இரண்டு ஒயர், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பல்பு இழை ஆரஞ்சு நிறத்தில் கண் சிமிட்டாமல் பார்க்கும் அளவுக்குத்தான் எரிந்தது. செல்லை மூன்று முறை மாற்றியிருந்தான். எரியும்போதே அளந்தேன்: பேட்டரி முனையில் 5.9, பல்பில் 3.1, சுவிட்சின் குறுக்கே 0.05, சிவப்பு ஒயரின் ஒரு கிளிப் முதல் மறு கிளிப் வரை 0.1, பச்சை ஒயரில் 2.6. பல்புக்கு வர வேண்டியதில் கிட்டத்தட்ட பாதியை ஒரு ஒயர் தின்றுகொண்டிருந்தது. அதே ஒயரை பீப் நிலையில் வைத்தால் தெளிவாகப் பீப் அடித்தது, ஏனென்றால் பெரும்பாலான மீட்டர்கள் முப்பது, ஐம்பது ஓம் வரைக்கும் பீப் அடிக்கும், இந்த ஒயரில் இருந்தது ஏழெட்டு ஓம்தான்.

பச்சைக் கிளிப்பின் ரப்பர் உறையைப் பின்னால் இழுத்துப் பார்த்தால், ஒயர் சால்டர் செய்யப்படவே இல்லை. உரித்த செம்பு இழைகளை உறைமேல் மடக்கிவிட்டு, கிளிப்பின் தகர நாக்கை அதன்மேல் அழுத்தியிருந்தார்கள். பாதி இழைகள் கறுத்துப்போயிருந்தன, இரண்டு மூன்று இழைகள்தான் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. உப்புத்தாளால் தேய்த்து சால்டர் வைத்ததும் அந்த ஒயரில் 0.03, பல்பில் 5.5. பேட்டரி முனை மட்டும் 5.9லிருந்து 5.7க்கு இறங்கியது, அது பழுதல்ல, இப்போதுதான் பல்பு தனக்கு வேண்டிய கரண்டை இழுக்கிறது.

சரி, உங்கள் சர்க்யூட்டில் பார்க்க வேண்டிய வரிசை இது.

### பேட்டரி முனையில் வோல்ட் குறைகிறதா?

சுவிட்ச் ஆஃப் இருக்கும்போது ஒரு எண், ஆன் செய்ததும் ஒரு எண். 6.2 இருந்தது 5.9 ஆனால் கவலையில்லை. 6.2 இருந்தது 4 ஆனால் செல் தீர்ந்திருக்கிறது, அல்லது இவ்வளவு கரண்ட் கேட்கும் லோடுக்கு அந்தப் பேட்டரி பொருந்தாது. எவ்வளவு வோல்ட் குறைந்ததோ அதை ஓடும் கரண்டால் வகுத்தால் பேட்டரிக்குள் இருக்கும் தடை வரும்: அரை ஆம்பியர் ஓடி 1 வோல்ட் குறைந்தால் 2 ஓம்.

9 வோல்ட் சதுரப் பேட்டரியில் மோட்டார் ஓட்டப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். புது ஆல்கலைன் பேட்டரிக்கே உள்தடை ஓரிரு ஓம், கார்பன் வகையில் இன்னும் பல மடங்கு. மோட்டார் கிளம்பும்போது ஒரு ஆம்பியர் கேட்டால் அது எங்கிருந்து வரும்? ஏஏ செல்களுக்கு மாறுங்கள், வோல்ட் குறைவாக இருந்தாலும் மோட்டார் வேகமாகச் சுற்றும்.

### பேட்டரி முனையில் சரி, லோடு முனையில் குறைவு

நடுவில் இருக்கும் ஒவ்வொன்றின் குறுக்கேயும் பாருங்கள், சுவிட்ச் ஆன் நிலையில். 0.1க்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். 0.3க்கு மேலே எது காட்டினாலும் அங்கே நிறுத்துங்கள். நான் பார்த்த வரைக்கும் வரிசை இப்படித்தான் வரும்: பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங், கிளிப், சுவிட்ச், ஹோல்டர், கடைசியாக ஒயர். ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் செல் ஒழுகியிருக்கிறது. அது காரம், கையில் படாமல் பார்த்துக்கொண்டு, பஞ்சில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, தண்ணீர் தொட்ட பஞ்சால் மறுபடி துடைத்து, நன்றாகக் காயவிட்டு உப்புத்தாள் போடுங்கள். உப்புத்தாள் போட்ட ஸ்பிரிங் மறுபடி சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆறு மாதத்தில் திரும்பி வந்தால் பெட்டியையே மாற்றுவது நல்லது.

### ஒயர் நீளமாகப் போகிறது

1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.017 ஓம். ஒன்றுமில்லாத எண் மாதிரி தெரியும். 10 மீட்டர் தள்ளி ஒரு விளக்கு வைத்தால் போக 10, வர 10, ஆக 20 மீட்டர், 0.34 ஓம். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடினால் 1.4 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், விளக்குக்கு 10.6தான். வரும் பாதையைக் கணக்கில் விட்டுவிடுபவர்கள் நிறைய. 2.5 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் இழப்பு அரை வோல்ட்டுக்கு இறங்கும்.

5 மீட்டர் எல்.இ.டி பட்டையின் கடைசி மங்குவதும் இதே கதைதான். மீட்டருக்கு 14.4 வாட் என்று போட்ட 12 வோல்ட் பட்டை மொத்தமாக 6 ஆம்பியர் இழுக்கும், அவ்வளவும் பட்டைக்குள் இருக்கும் மெல்லிய செம்புத் தகடு வழியாகப் போக வேண்டும். அடாப்டரைப் பெரிதாக்கிப் பயனில்லை. இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுங்கள், அவ்வளவுதான்.

## அறிகுறி 3: எல்.இ.டி மட்டும் எரியவில்லை

முதல் காரணம் திருப்பிப் போட்டது. நீளக் கால் பிளஸ். கால் வெட்டியிருந்தால் விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ்.

அடுத்தது ரெசிஸ்டரின் நிறத்தைத் தப்பாகப் படித்தது. சிவப்பு-சிவப்பு-பழுப்பு என்றால் 220 ஓம், சிவப்பு-சிவப்பு-ஆரஞ்சு என்றால் 22 கிலோ ஓம். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும், நிறத்தை நம்பாமல் கழற்றி மீட்டரில் பாருங்கள். 9 வோல்ட்டில் 22 கிலோ ஓம் போட்டால் 0.3 மில்லிஆம்பியர்தான் ஓடும், இருட்டறையில் ஒரு புள்ளி தெரியும், பகலில் எரியாதது போலத்தான்.

எல்.இ.டியின் குறுக்கே வோல்ட் பாருங்கள், மீட்டர் சொல்லிவிடும்:

- சிவப்புக்கு 2 வோல்ட் அளவில், நீலம் அல்லது வெள்ளைக்கு 3 வோல்ட் அளவில் இருந்தால் கரண்ட் ஓடுகிறது. வெளிச்சம் போதவில்லை என்றால் ரெசிஸ்டர் பெரிது.
- முழு பேட்டரி வோல்ட்டும் அதன் குறுக்கே இருந்தால் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள், அல்லது எல்.இ.டி உள்ளே அறுந்துவிட்டது. திருப்பிப் போட்டும் அதே எண் என்றால் அறுந்ததுதான்.
- சுழி என்றால் எல்.இ.டி உள்ளே ஷார்ட், அல்லது மின்சாரம் அங்கே வரவே இல்லை. ரெசிஸ்டரின் குறுக்கே முழு வோல்ட் இருந்தால் முதலாவது, இல்லையென்றால் அறிகுறி 1க்குப் போங்கள்.

ஒரு முறை பளிச்சென்று எரிந்து அணைந்துவிட்டது என்றால் ரெசிஸ்டர் இல்லாமல் போட்டிருக்கிறீர்கள். 3 வோல்ட் பொத்தான் பேட்டரியில் ரெசிஸ்டர் இல்லாமலே எரிந்ததே என்று கேட்பார்கள். அந்தச் சின்ன பேட்டரியின் உள்தடையே அங்கே ரெசிஸ்டர் வேலையைச் செய்கிறது, 9 வோல்ட்டில் அப்படி நடக்காது. 9 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டிக்கு 470 ஓம் போடுங்கள், 15 மில்லிஆம்பியர் ஓடும், 5 மில்லிமீட்டர் எல்.இ.டியின் வழக்கமான எல்லையான 20க்குள் நிற்கும்.

இன்னும் இரண்டு. 5 வோல்ட்டில் இரண்டு வெள்ளை எல்.இ.டியை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் எரியாது, இரண்டுக்கும் சேர்த்து 6 வேண்டும், கணக்கே இடிக்கிறது. ஒரே ரெசிஸ்டரில் சிவப்பையும் நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் சிவப்பு மட்டும் எரியும். சிவப்பு 2 வோல்ட்டிலேயே கரண்டை எல்லாம் வாங்கிக்கொள்வதால் நீலத்துக்கு வேண்டிய 3 வோல்ட் அங்கே ஏறவே ஏறாது. ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள்.

## அறிகுறி 4: தொட்டால் எரிகிறது, விட்டால் அணைகிறது

இதில் அவசரப்பட்டால் பழுது ஒளிந்துகொள்ளும். மீட்டரின் ப்ரோப்பை லோடின் இரண்டு முனையிலும் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, இரண்டு கையும் சும்மா இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மரக்குச்சியாலோ பென்சிலின் மழுங்கிய முனையாலோ ஒவ்வொரு இணைப்பையும் மெல்லத் தள்ளுங்கள், ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும். எண் துள்ளும் இடம்தான். விரலால் தள்ளினால் பக்கத்து ஒயரும் சேர்ந்து அசைந்து குழப்பும்.

பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் துளையில் செருகி இணைக்கும் பலகை) என்றால் முதலில் அதன் ஓரத்து நீளக் கோடுகளைப் பாருங்கள். பல போர்டுகளில் அந்த பிளஸ், மைனஸ் வரிசை நடுவில் துண்டாகியிருக்கும், சிவப்புக் கோடு அந்த இடத்தில் விட்டுப்போயிருப்பதே அடையாளம். இந்தப் பக்கம் 5 வோல்ட், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு ஒரு சின்னத் துண்டு ஒயர் போதும். அடுத்தது தளர்ந்த துளை. தடித்த கால் உள்ள பொருளை ஒரு முறை செருகிய துளை அதற்குப் பிறகு மெல்லிய காலைப் பிடிக்காது, துளையை மாற்றிவிடுங்கள்.

சால்டர் செய்த இணைப்பில் பளபளப்பு இல்லாமல் உருண்டையாக, தாமரை இலைத் தண்ணீர் போல் ஒட்டாமல் நின்றால் அது பிடிக்காத சால்டர். பிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) தொட்டு மறுபடி சூடாக்குங்கள்.

இதற்கெல்லாம் பிடிபடாத முறிவு பெரும்பாலும் ஒயரின் உறைக்குள், கிளிப்புக்கோ பிளக்குக்கோ ஒரு விரல்கடை தூரத்தில், மடங்கி மடங்கி அறுந்ததாக இருக்கும். ஒயரை அந்த இடத்தில் இழுத்துப் பார்த்தால் உறை ரப்பர் போல் நீளும், உள்ளே செம்பு இருந்தால் நீளாது.

## அறிகுறி 5: ஏதோ சுடுகிறது, வாடை வருகிறது

உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், அளப்பதெல்லாம் அப்புறம்.

ரெசிஸ்டர் மட்டும் சுடுகிறது என்றால் அதன் வாட் போதவில்லை. அதன் குறுக்கே உள்ள வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுங்கள். 12 வோல்ட்டில் 100 ஓம் என்றால் 1.44 வாட். கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காது, கறுத்துவிடும். 6 வோல்ட்டில் சும்மா இருந்த ரெசிஸ்டர் 12 வோல்ட்டில் எரிந்துபோனதற்கும் இதுதான் காரணம், வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

ஒயரும் பேட்டரியும் சேர்ந்து சுட்டால் ஷார்ட். பல்பும் எரியாது, பேட்டரி முனையில் வோல்ட் ஏறக்குறைய சுழிக்கு விழுந்திருக்கும். ஓரிடம் மட்டும், ஒரு பிளக்கோ கனெக்டரோ சுட்டால் அது ஷார்ட்டே அல்ல, அங்கே இணைப்பு தளர்ந்து தடை கூடியிருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள், வைத்தியம் வேறு வேறு.

மோட்டார் சுட்டுக்கொண்டு சுற்றவில்லை என்றால் அச்சு சிக்கியிருக்கிறது. சுற்றாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றுகிறது, மோட்டார் முனையில் முழு வோல்ட்டும் இருக்கிறது, ஆனால் கரண்டே ஓடவில்லை, சூடும் இல்லை என்றால் உள்ளே பிரஷ் (சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் தொடுதுண்டு) தேய்ந்துவிட்டது, சின்ன மோட்டாரென்றால் புதிது வாங்குவதே மலிவு.

லித்தியம் செல் உப்பியிருந்தாலோ, லோடு இல்லாமலே சுட்டாலோ இத்தோடு நிறுத்துங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, பேட்டரி சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 6: பியூஸ் போட்டதும் போகிறது

பெரிய பியூஸ் போட்டுப் பார்க்காதீர்கள், வெள்ளித்தாளும் சுற்றாதீர்கள். பியூஸ் தாங்கினால் ஒயர் எரியும்.

12 வோல்ட் சர்க்யூட்டில் நான் செய்வது: பியூஸ் இருந்த இடத்தில் ஒரு 12 வோல்ட் 21 வாட் பல்பை இணைத்துவிடுவேன். முழு ஷார்ட் என்றால்கூட 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது, ஏனென்றால் மொத்த வோல்ட்டையும் பல்பே வாங்கிக்கொள்ளும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. இப்போது லோடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அல்லது அணைகிறதோ அந்தக் கிளையில்தான் ஷார்ட். எல்லாவற்றையும் கழற்றியும் எரிந்தால் ஒயரே எங்கோ உரசித் தோல் போயிருக்கிறது. தகரத்தின் துளை வழியாக நுழையும் இடங்கள், திருகு அழுத்தும் இடங்கள், கீல் மடங்கும் இடங்களைப் பாருங்கள். பல்பு நன்றாகச் சுடும், கையில் பிடிக்காமல் ஹோல்டரில் வையுங்கள்.

இழை பல்பை ஓம் நிலையில் அளந்துவிட்டு "ஷார்ட்" என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. 12 வோல்ட் 21 வாட் பல்பு எரியும்போது ஏழு ஓம், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு ஓமுக்கும் குறைவான அந்த எண் பழுதல்ல. இழை பல்புகள் நிறைய இருக்கும் சர்க்யூட்டில் சரியாகக் கணக்கிட்ட பியூஸ்கூட சுவிட்ச் போடும் கணத்தில் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் அதே ஆம்பியரில் மெதுவாக உருகும் வகைப் பியூஸ் போடுங்கள்.

வண்டியில் பல்பு முறையிலும் கிளை பிடிபடவில்லை என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். டாஷ்போர்டைக் கழற்றித் தேடும் வேலை வீட்டில் செய்வதல்ல, காற்றுப்பை (ஏர்பேக்) ஒயர் பக்கத்தில் போகும் இடத்தில் கையே வைக்கக் கூடாது.

## அறிகுறி 7: ஒன்றைச் சேர்த்தால் மற்றது மங்குகிறது

பேட்டரி முனையிலேயே வோல்ட் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் பேட்டரி தாங்கவில்லை, அறிகுறி 2. குறையவில்லை, ஆனால் இரண்டு பல்பும் பாதி பாதி வோல்ட்டில் இருக்கின்றன என்றால் வரிசையாக இணைத்துவிட்டீர்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக பிளஸுக்கும் மைனஸுக்கும் கொடுங்கள். வரிசையில் ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கியும் எரிந்தால் இரண்டும் வேறு வேறு வாட் பல்புகள். தடை அதிகமுள்ள, வாட் குறைந்த பல்புதான் அங்கே அதிக வோல்ட் எடுத்துக்கொண்டு பளிச்சென்று எரியும். அதிக வாட் பல்பு மங்குகிறதே, பழுதோ என்று அதை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

## அறிகுறி 8: மீட்டர் காட்டும் எண்ணே நம்பும்படி இல்லை

ஓம் பார்க்கும்போது சர்க்யூட்டில் மின்சாரம் இருக்கக் கூடாது, பொருளின் ஒரு காலாவது கழன்றிருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்துப் பாதைகளையும் சேர்த்து அளந்து குறைவாகக் காட்டும். பெரிய ஓம் எண்களில் இரண்டு ப்ரோப்பின் உலோகத்தையும் விரலால் பிடிக்காதீர்கள், உங்கள் உடம்பும் ஒரு ரெசிஸ்டர்தான்.

கரண்ட் பார்க்க மீட்டரை நடுவில் சேர்த்ததும் சர்க்யூட் அணைந்து சுழி காட்டினால் மீட்டரின் பியூஸ் போயிருக்கிறது. 0.8 என்று காட்டுவது வோல்ட்டா மில்லிவோல்ட்டா என்று திரையின் ஓரத்துக் குறியைப் பாருங்கள். பேட்டரிக் குறி மின்னினால் அளந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மீட்டருக்குப் புது பேட்டரி போட்டு முதலிலிருந்து அளங்கள்.

## வேறொருவரிடம் கொடுக்கும்போது

அடாப்டரே லோடில்லாமல் அளந்தும் அதன்மேல் எழுதிய வோல்ட்டைக் காட்டவில்லை, போர்டில் பிளஸும் மைனஸும் எல்லா லோடையும் கழற்றிய பிறகும் ஒரு ஓமுக்குக் கீழே காட்டுகிறது, ஒரே பொருள் மாற்றி மாற்றி மூன்றாவது முறை எரிந்துபோகிறது: இந்த மூன்றில் ஏதாவது ஒன்று என்றால் நான் மேலே தோண்டுவதில்லை. அடாப்டரைப் புதிதாக வாங்குவேன், மற்ற இரண்டையும் சர்வீஸ் செய்பவரிடம் கொடுப்பேன்.

கொடுக்கும்போது ஒரு காகிதத்தில் நான்கு எண் எழுதிக் கொடுங்கள்: சுவிட்ச் ஆஃப் இருக்கும்போது பேட்டரி முனையில் எவ்வளவு, ஆன் செய்ததும் எவ்வளவு, அப்போது லோடு முனையில் எவ்வளவு, நடுவில் எதன் குறுக்கே அதிகம் இருந்தது, எவ்வளவு. "ஓடலீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு வரும் பொருளில் இந்த நான்கையும் அளக்கத்தான் அவருடைய முதல் அரைமணி நேரம் போகிறது.